ஐம்பது மீட்டர் பிரேக்

வளைவு தாண்டி நடுரோட்டில் பழுதாகி நின்றிருந்த டிரெய்லரில் அண்ணன் ஓட்டிவந்த லாரி மோதி அவர் செத்துப்போனார். அதன்பிறகு ஆளாளுக்கு வாய் முளைத்தது. தூங்கிவிட்டார் என்றது லாரிக் கம்பெனி. துக்கத்துக்கு வந்தவர்களும் காப்பியைக் குடித்துவிட்டு அதையேதான் சொன்னார்கள்.

அண்ணி அழவில்லை. "தம்பி, உங்களுக்குத்தான் பிரேக் கணக்கெல்லாம் தெரியுமே. அவரு தூங்கலைன்னு காட்டிக் குடுங்க, போதும்" என்றார்.

பஸ் டிப்போவில் பிரேக் சோதிப்பதுதான் என் பிழைப்பு. சரி என்றேன்.

கம்பெனி என்ஜினியர் அறிக்கையை நீட்டினார். விழித்திருப்பவன் மிதிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து டிரெய்லர் வரை ஐம்பது மீட்டர். அங்கே வேகம் மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர், மோதும்போது நாற்பத்துநான்கு. இரண்டும் வண்டியிலிருந்த கருவி பதிந்தது. பிரேக்கின் முழு விசை நாற்பதாயிரம் நியூட்டன். எட்டு டன் லாரியை அந்த ஐம்பது மீட்டருக்குள் நிறுத்த முப்பத்திரண்டாயிரமே போதும்.

"இந்த வேகம் குறைய இருபத்தஞ்சு மீட்டர் போதும் சார். முதல் பாதி தூரம் மிதிக்கவே இல்ல. கண்ணசந்துட்டாரு."

"எட்டு டன்னா? எப்ப எடை போட்டீங்க?"

"வண்டியை இழுத்துட்டு வந்ததும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "லோடு எங்க?"

"அது... சிமெண்ட் வாங்கின பார்ட்டி அவசரம்னாங்க. அங்கேயே வேற லாரியில மாத்தி அனுப்பிட்டோம்."

ஆளை எடுப்பதற்கு முன்பே சிமெண்டை எடுத்திருப்பார்கள், புண்ணியவான்கள். அப்புறம் காலி வண்டியை எடை போட்டு, பழியை அண்ணன் தலையில் கட்டிவிட்டார்கள்.

லோடு பில்லை வாங்கிப் பார்த்தேன், சிமெண்ட் எட்டு டன். ஆக மொத்தம் பதினாறு. நிறுத்த அறுபத்துநாலாயிரம் வேண்டும், இருந்ததோ நாற்பதாயிரம். முதலிலிருந்தே முழுசாக மிதித்திருந்தால் கடைசியில் என்ன வேகம் வரும் என்று அவரையே கால்குலேட்டரில் போடச் சொன்னேன். நாற்பத்துநான்கு வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்தி எழுதிடறேன் சார்."

"என் கண்ணு முன்னாடி எழுதுங்க."

வீட்டுக்கு வந்தேன். ஜெயித்த மாதிரியே இல்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கல அண்ணி. பார்த்ததுமே மிதிச்சிருக்காரு. கடைசி வரைக்கும் காலை எடுக்கல. கம்பெனியும் ஒத்துக்கிட்டாங்க."

"எவ்வளவு நேரம் தம்பி?"

"மூணு செகண்டு."

"வண்டி நிக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சிருக்கும்."

அண்ணி இன்னொரு சட்டையை எடுத்து மடித்தார்.

"தூங்கிட்டே போயிருக்கலாம் தம்பி" என்றார்.