ஸ்கேலில் பதினைந்து நிமிஷம்

ஹரோல்டு தன் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. ஆனால் ஊரிகத்தில் புல்டோசர் பழுதுபார்க்கும் அந்தச் சின்னக் கம்பெனியில், வெளியூர் வேலைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. 1998 பிப்ரவரியில், தோய்ஸில் நின்றுபோன ஒரு புல்டோசரைச் சரிசெய்ய மெக்கானிக் வேலுவை லடாக்குக்கு அனுப்பும்போது, பள்ளிக்கூட அட்லஸை விரித்து, லே விமான தளத்துக்கும் தோய்ஸ் விமான தளத்துக்கும் நடுவே ஸ்கேலை வைத்தார்.

"நேர்கோட்டுல அறுபது கிலோமீட்டர். நம்ம மாரிகுப்பத்துல ரயில் ஏறினா வைட்ஃபீல்டு தாண்டாது. ராணுவ விமானத்துல பதினஞ்சு நிமிஷம். புல்டோசரைப் பார்த்துட்டு சாயங்காலமே லேவுக்குத் திரும்பிடு."

வேலு தலையாட்டிவிட்டுப் போனான்.

பன்னிரண்டு நாள் தகவலே இல்லை. பதின்மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து மெமோ வந்தது. பதினைந்து நிமிஷப் பயணத்துக்கு இத்தனை நாள் எங்கே சுற்றுகிறான் என்று விளக்கம் கேட்டிருந்தது. அவன் மனைவி குணசுந்தரி அதைக் கையில் பிடித்தபடி ஹரோல்டின் மேசை முன் போய் நின்றாள்.

"இன்னா சார் இது? ஆளை அனுப்பினது நீங்க. எங்க கீறாருன்னு நான் உங்களைக் கேக்கணும்."

ஹரோல்டு அட்லஸை அவள் பக்கம் திருப்பினார். "நீயே பாரும்மா. இங்கேருந்து இங்க. அரை சென்டிமீட்டர்கூட இல்லை."

"நடுவுல பழுப்பா இன்னா அது?"

"மலை."

"எவ்ளோ ஒசரம்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தின் அடியில் தேடினார். "அதெல்லாம் விமானத்துக்கு எதுக்கும்மா?"

"உங்க ஸ்கேலு அது மேல வழுக்கிக்கினு போயிடுச்சு சார். விமானம் போவுமா?"

பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது.

அன்று மாலை எதிர்வீட்டுப் போனுக்கு வேலு லேவிலிருந்து கூப்பிட்டான். பனியில் அறுந்திருந்த லைன் அன்றுதான் சரியானதாம். தினமும் விடிகாலையில் மூட்டையோடு தளத்தில் போய் நிற்கிறானாம். மேகம் இறங்கினால் விமானம் இல்லை. மேகம் விலகினால் காற்று. சாலையும் மூடிவிட்டது.

"நாளைக்குப் போவும்னு சொல்றாங்க. தினமும் அதான் சொல்றாங்க."

பதினேழாம் நாள் விமானம் கிளம்பியது. தோய்ஸில் ஒரே பகலில் புல்டோசரை ஓட வைத்தான். லேவுக்குத் திரும்ப இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. உதடு வெடித்து, காது மடல் தோலுரிந்து ஊர் வந்து சேர்ந்தான்.

மறுநாள் ஹரோல்டு முதலில் கேட்டது, விமானம் எவ்வளவு நேரம் பறந்தது என்பதைத்தான்.

"பதினெட்டு நிமிஷம் சார்."

ஹரோல்டின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா? மூணு நிமிஷம்தான் வித்தியாசம்" என்றபடி ஒரு காகிதத்தை நீட்டினார். தாமதத்துக்குத் தானே பொறுப்பு என்றும் மன்னிக்க வேண்டும் என்றும் வேலுவின் பெயரில் தட்டச்சு செய்திருந்தது.

வேலு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். "ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டா வேலை முடிஞ்சுது."

அவன் காதில் மருந்து தடவிக்கொண்டிருந்த குணசுந்தரி கையை எடுத்தாள். "போடு. நாளைக்கு அந்த மலையை அங்க வெச்சதே நீதான்னு எழுதிக்கினு வருவாரு. அதுக்கும் போடு."

வேலுவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, உதடு வலிக்க வலிக்கச் சிரித்தான்.

கையெழுத்தில்லாமலே காகிதம் திரும்பிப் போனது. ஹரோல்டு அவனை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார். ஒரு வாரம் திருகாணிகளைத் தரம் பிரித்துவிட்டு, பங்காருப்பேட்டையில் ஒரு லாரி பட்டறையில் வேலு சேர்ந்துகொண்டான். அங்கே முதலாளிக்கு லாரியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அது போதும் என்றாள் குணசுந்தரி.