பங்குக்கு எடுத்த வெடிமருந்து

ஆயுதச் சந்தைக்கு இனிப் போவதில்லை என்று வாசுதேவன் முடிவு செய்தது 2007 ஆம் ஆண்டின் வசந்தத்தில், டோர்ட்முண்ட் நகரக் கண்காட்சி மண்டபம் ஒன்றில், வெடிமருந்து விற்பவரின் மேசைக்கு முன்னால் நின்றபோது.

அவர் எசன் நகரில் உலோகப் பட்டறையொன்றில் கடைசல் இயந்திரத்தை இயக்குபவர். பட்டறையின் மேற்பார்வையாளர் பீலிக்ஸ் என்ற ஜெர்மானியர் ஒருமுறை அவரைத் தமது சுடும் சங்கத்துக்கு விருந்தினராக அழைத்துச் சென்றார். காகிதத்தில் வரைந்த வட்டத்தின் நடுவை நோக்கி மூச்சை அடக்கிக் காத்திருக்கும் அந்தக் கணத்தில், பட்டறையின் இரைச்சலும் ஊரிலிருந்து வரும் செய்திகளும் ஒருசேர அடங்குவதை வாசுதேவன் கண்டார். சங்கத்தில் உறுப்பினராகி, உரிமத்துடன் நீள்துவக்கு எனப்படும் துப்பாக்கியொன்றும் வாங்கினார். சுட்ட ரவையின் வெற்றுக் கோதைத் துடைத்து, புதிய மருந்தும் சன்னமும் இட்டு, மீண்டும் ரவையாக்கும் வேலையையும் கற்றுக்கொண்டார். அதற்கென நடத்தப்படும் வகுப்புக்குப் போய், தேர்வெழுதி, வெடிமருந்தை வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதி பெற்றார்.

மருந்தை அவர் சந்தையிலேயே வாங்கிவந்தார். சந்தையில் பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். விற்பவரிடம் கேள்வி கேட்கலாம். மருந்து அடைத்த ஒரு பேணி தீர்ந்த பின்னர் அடுத்த சந்தையில் மற்றொரு பேணி வாங்கலாம். அந்த ஆண்டோ, விற்பவர் அவருடைய அனுமதித்தாளை வெளிச்சத்தில் பிடித்து இருபுறமும் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, “இதெல்லாம் இங்கே சுடுவதற்கா, இல்லை, ஊருக்கு அனுப்புவதற்கா?” என்றார். வரிசை சிரித்தது. விற்பவரும் மரியாதைக்குப் புன்னகைத்தார். இலங்கையில் போர் மீண்டும் மூண்டு, வாரந்தோறும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாசுதேவன் ஒரு பேணியை வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

நடந்ததைக் கேட்ட மனைவி கலாதேவி, கறிக்கு வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“இனி அங்க போகாதேங்கோ. அன்ட்ராக் குடுத்திருக்கிற நேரம். ஆராவது ஒருத்தன் வாய் குடுக்க, நீங்களும் குடுக்க, பொலிஸ் வந்து நிண்டால் என்ன செய்யுறது?”

“நான் ஒரு சொல்லும் கதைக்கேல்லை, கலா.”

“அந்தத் துவக்கை வித்துப்போட்டு ஒரு கரம்போர்ட் வாங்குங்கோ. அதிலயும் குறிபாக்கலாம்.”

அன்ட்ராக் என்று அவர் சொன்னது குடியுரிமை விண்ணப்பத்தை. வாசுதேவன், கலாதேவி, மகள் யதுசா ஆகிய மூவருக்குமாக அது கொடுக்கப்பட்டிருந்தது. மொழித் தேர்வு, வேலைச் சான்று, வரிச் சான்று எல்லாம் ஏற்கப்பட்டுவிட்டன. இறுதிச் சரிபார்ப்பு மட்டுமே எஞ்சியிருந்தது. அது முடியும்வரை எந்த வழக்கிலும் பெயர் அடிபடக் கூடாது. இதை அலுவலகம் எழுத்திலும் வாய்மொழியிலும் தெரிவித்திருந்தது. யதுசா இலண்டனில் படிக்க இடம் பெற்றிருந்தாள். குடியுரிமையோடு வரும் கடவுச்சீட்டை நம்பியே அவள் ஆம் என்று பதில் எழுதியிருந்தாள்.

வாசுதேவன் துவக்கை விற்கவில்லை. இணையக் கடையொன்றைக் கண்டுபிடித்தார். அங்கே முகம் பார்ப்பார் இல்லை. அனுமதித்தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பினால், விற்ற அளவை அதில் எழுதி, முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சரக்கு தனி வண்டியில் வரும். குறை ஒன்றே: அபாயப் பொருளுக்கான வண்டிக்கூலி, ஒரு பேணிக்கும் பல பேணிகளுக்கும் ஒன்றுதான்.

இதை அவர் பட்டறையின் தேநீர் இடைவேளையில் சூசைதாசனிடம் சொன்னார். சூசைதாசன் வயதில் இளையவர். அதே பட்டறையில் வேலை. வாசுதேவனைப் பார்த்துச் சங்கத்தில் சேர்ந்தவர். தேர்வில் தேறிவிட்டார், அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை.

“அப்ப எனக்கும் சேத்து எடுங்கோ அண்ணை. கூலியைப் பாதி பாதி போடுவம்.”

“உனக்கு இன்னும் வரேல்லையே.”

“அடுத்த கிழமை வந்திடும் எண்டு சொன்னவை. வந்த உடன என்ர பங்கைத் தூக்கிக்கொண்டு போறன். ஆட்டிறைச்சிப் பங்கு மாதிரித்தானே?”

வாசுதேவனுக்கும் அது இயல்பாகவே பட்டது. எசன் தமிழர்கள் பண்ணையில் ஆடு வாங்கினால் ஒருவர் பெயரில் வாங்கிப் பங்கு போடுவார்கள். அரிசி மூட்டையும் தொலைபேசி அட்டையும் அவ்வாறே வந்தன. ஒருவர் எடுப்பதும் நால்வர் பகிர்வதும் அவர்களுக்கு எண்ணிப் பார்க்க வேண்டிய செயல் அன்று, கையின் பழக்கம். வீட்டின் நிலவறையில் மூன்று கிலோவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை அவர் வகுப்பில் படித்திருந்தார். ஆனால் சந்தையில் ஒவ்வொரு பேணியாக வாங்கியவருக்கு அந்த எல்லையை நெருங்கும் தேவை ஒருநாளும் வந்ததில்லை. தமக்கு இரண்டு, சூசைதாசனுக்கு இரண்டு என நான்கு பேணிகளுக்கு எழுதினார். பேணி ஒன்று ஒரு கிலோ.

சரக்கு வந்தது. சூசைதாசனின் அனுமதி வரவில்லை. ‘மேலதிக விசாரணை’ என்று பதில் வந்தது. அது எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை எவரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலை விட்டு வந்த வாசுதேவன் தபாற்பெட்டியில் நகர அலுவலகத்தின் கடிதத்தைக் கண்டார். அவருடைய ஐந்தாண்டு அனுமதியைப் புதுப்பிக்குமுன், மருந்து வைத்திருக்கும் இடத்தைப் பார்வையிடச் செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி வருவார். அனுமதித்தாளை ஆயத்தமாக வைத்திருக்கவும். அந்தத் தாளில்தான் நான்கு கிலோ என்பது கடைக்காரரின் கையெழுத்தில், ஒரே வரியில், முத்திரையுடன் இருந்தது.

அவர் முதலில் இணையக் கடையை அழைத்தார். வெடிமருந்து திருப்பி எடுக்கப்படுவதில்லை என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. சாதாரணத் தபாலில் அனுப்புவது குற்றம் என்பதையும் அதே இனிமையுடன் சேர்த்துச் சொன்னது. அடுத்து சூசைதாசனை வரச் சொன்னார். இருவரும் கெல்லர் எனப்படும் நிலவறையில், மரச்சலாகைத் தடுப்புக்குள் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“ரண்டு பேணியை என்ர கெல்லருக்குக் கொண்டுபோறன், அண்ணை. செவ்வாய் முடியக் கொண்டுவாறன்.”

“உன்னட்ட அனுமதி இல்லை. வழியில மறிச்சால் நீ குற்றவாளி, தந்த நான் அதைவிடப் பெரிய குற்றவாளி. அதோட தாளில நாலு எண்டு இருக்கு. ரண்டு எங்க எண்டு கேட்டால்?”

“சுட்டாச்சு எண்டு சொல்லுங்கோ.”

“ஒரு மாசத்தில ரண்டு கிலோவோ? அதுக்கு நான் வேலைக்குப் போகாமல், சாப்பிடாமல், ஒண்டுக்கும் போகாமல் சுட்டிருக்கோணும்.”

“அப்ப கால்வாயில கொட்டுவம்.”

“மீன் செத்தால் அதுக்கும் ஒரு வழக்கு. இங்க மீனுக்கும் வழக்கறிஞர் இருக்கு.”

சூசைதாசன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். “அண்ணை, ஒண்டு சொல்லவே? என்ன நடந்தாலும் என்ர பேர் மட்டும் வரக்கூடாது. உங்களுக்கு நிரந்தர வதிவிடம் இருக்கு. எனக்கு வருசா வருசம் நீட்டுற விசா. இப்படி ஒண்டு எழுதப்பட்டால் நீட்டமாட்டினம். கொழும்புக்கு ஏத்திவிட்டால் விமான நிலையத்திலேயே பிடிப்பினம்.”

வாசுதேவன் பெட்டியைப் பூட்டினார். “நீ வீட்ட போ” என்றார்.

அனுமதி உள்ளவர் பீலிக்ஸ். அவரிடம் இரண்டு பேணிகளை ஒப்படைப்பது சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் பீலிக்ஸ் மயோர்க்காத் தீவில் விடுமுறையில் இருந்தார், புதன்கிழமைதான் திரும்புவார். தொலைபேசியில் கடலின் இரைச்சல் கேட்டது.

“வாசு, இதற்கு ஒரே வழிதான். அவர்கள் வருமுன் நீயே அழைத்துச் சொல்லிவிடு. தாமாக முன்வந்து சொல்பவரை இங்கே வேறு விதமாக நடத்துவார்கள்.”

“அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.”

“அப்படியானால் திங்கட்கிழமை. காலையில் முதல் வேலையாக.”

சனிக்கிழமை வாசுதேவனுக்கு இன்னொரு வழி தோன்றியது. ரவைக்குள் ஏறிய மருந்து தனி மருந்தாகக் கணக்கில் வராது. மிகுதியை ரவையாக்கிவிட்டால் பேணிகள் எல்லைக்குள் வந்துவிடும். அவருடைய நீள்துவக்குக்கு உரிய ரவைகளை வைத்திருக்க அவருக்கு அனுமதி இருந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த வெற்றுக் கோதுகளும் இருந்தன. அவர் நிலவறைக்குப் போய் வேலையைத் தொடங்கினார். தராசில் நிறுத்து, கோதில் இட்டு, சன்னத்தை அழுத்தி, மரத்தட்டில் நிறுத்தினார். பிழையின்றி, அவசரமின்றிச் செய்தார். மதியச் சாப்பாட்டுக்கு அழைக்க வந்த கலாதேவி, வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டுத் தட்டாகப் பித்தளை மினுங்கியது.

“என்ன இது?”

“சட்டத்தில பிழையில்லை. ரவையாக் கிடந்தால் கணக்கு வேற.”

“சட்டத்தை விடுங்கோ. கண்ணால பாருங்கோ. நாளையிண்டைக்கு மறுநாள் ஒரு வெள்ளைக்காரன் இந்தப் படியால இறங்கி வாறான். மருந்து கூடவா இருந்தால், கணக்குத் தெரியாத மனிசன் எண்டு நினைப்பான். இவ்வளவு ரவையைக் கண்டால்? நீங்கள் எந்த நாட்டில பிறந்தனீங்கள் எண்டு அந்தத் தாளில முதல் வரியிலேயே இருக்கு.”

வாசுதேவன் தட்டுகளைப் பார்த்தார். காலை முழுவதும் தாம் செய்தவை அவருக்கு இப்போது வேறொருவரின் கண்ணுக்குத் தெரிவது போலத் தெரிந்தன. ரவையைப் பிரித்து மருந்தை மீண்டும் பேணியில் ஊற்றும் வேலை, இடும் வேலையைவிட நீண்டது. ஞாயிறும் அதிலேயே கழிந்தது. அன்று கலாதேவி கோயிலுக்கும் போகவில்லை. கணவர் கீழே இருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை வாசுதேவன் பட்டறையின் வெளிமுற்றத்தில் நின்று அலுவலகத்தை அழைத்தார். செவ்வாய்க்கிழமைப் பார்வையிடல் தொடர்பாக ஒன்றைத் தெரிவிக்க வேண்டும் என்றார். மறுமுனையில் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, அதற்குப் பொறுப்பான அதிகாரி அன்று வெளிவேலையில் இருப்பதாகவும், குறிப்பு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும் சொன்னார்.

“நாளை அவர் உங்களிடந்தானே வருகிறார்? அவரிடமே நேரில் சொல்லுங்கள்.”

குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் ஒரு தெர்மீன், முன்கூட்டிக் குறித்த சந்திப்பு நேரம், வேண்டியிருந்தது. அதுவும் மறுநாளைய அதே தெர்மீன்தான்.

அதிகாரியின் பெயர் லின்ட்னர். நாற்பது வயதுக்கு உட்பட்ட, மென்மையாகப் பேசும் பெண். நிலவறையில் இறங்கி, பூட்டைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்றார். வாசுதேவன் அவர் கேட்குமுன் பெட்டியைத் திறந்து, எல்லாப் பேணிகளையும் மேசைமீது எடுத்து வைத்தார்.

“எல்லைக்கு மேல் இருக்கிறது. நேற்று அழைத்துச் சொல்ல முயன்றேன்.”

லின்ட்னர் பேணிகளையும் அனுமதித்தாளையும் மாறிமாறிப் பார்த்தார். “முன்பெல்லாம் ஒவ்வொன்றாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் சந்தையில். இம்முறை இணையத்தில் நான்கு.”

“ஆம்.”

“ஏன் சந்தைக்குப் போகவில்லை?”

வரிசையில் நின்றவர்களின் சிரிப்பை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் அது குற்றச்சாட்டாக மாறும் என்பதும் தெரிந்திருந்தது. “தூரம்” என்றார்.

“இந்த அளவு உங்களுக்கு மட்டுமா? வேறு எவருக்காகவும் வாங்கவில்லையே?”

லின்ட்னரின் குரலில் கடுமை இல்லை. வழி திறந்து விடுகிறவரின் குரல் அது. பட்டறை நண்பர் ஒருவருக்காக, அவருடைய அனுமதி வந்துவிடும் என்று நம்பி வாங்கினேன் என்று சொன்னால், நான்கு கிலோவுக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிடும்; ஊருக்கு அனுப்புகிறார் என்ற எண்ணம் எவருக்கும் எழாது. அடுத்த கேள்வி, நண்பரின் பெயர்.

“எனக்குத்தான். வண்டிக்கூலி ஒன்றுக்கும் நான்குக்கும் ஒன்றுதான். அதனால் சேர்த்து எடுத்தேன்.”

லின்ட்னர் பேனாவை எடுத்தார். “கூலியை மிச்சப்படுத்தவா?”

“ஆம்.”

“நான் எழுதிக்கொள்கிறேன். அதை நம்புவதா இல்லையா என்பது என்னுடைய முடிவன்று.” எழுதினார். நெடுநேரம் எழுதினார். பிறகு எழுந்து, சரக்கைக் கொண்டுபோகத் தனி வண்டி வரவேண்டும் என்றும், அதுவரை பொறுப்பாளர் என்ற முறையில் வாசுதேவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்றும், வேறு எவரும் உள்ளே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, கைத்தொலைபேசிக்கு அலை தேடி மேலே போனார்.

கலாதேவி படிகளில் இறங்கி வந்து சலாகைகளுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

“அவன்ர பேரைச் சொன்னனியளே?”

“இல்லை.”

“சொல்லியிருந்தால்?”

“அவன் போயிருப்பான். நாங்களும் தப்பியிருக்கமாட்டம். அனுமதி இல்லாத ஆளுக்கு வாங்கினதுக்கு அது வேற வழக்கு.”

“இதை இப்ப கணக்குப் பாத்துச் சொல்லுறியளோ, அப்பவே தெரிஞ்சு சொல்லாமல் விட்டனியளோ?”

வாசுதேவன் பேணிகளின் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.

“அன்ட்ராக்?” என்றார் கலாதேவி.

“நிப்பாட்டி வைப்பினம்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“வழக்கு முடியுமட்டும். பிறகு முடிவைப் பொறுத்து.”

“யதுசாவுக்கு நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்.”

“ஓம்.”

கலாதேவி சலாகையொன்றைப் பிடித்துக்கொண்டு, மேசைமீது இருந்த கறுப்புப் பேணிகளைப் பார்த்தபடி நின்றார். மேலே வீட்டுத் தொலைபேசி ஒலித்தது, நின்றது, மீண்டும் ஒலித்தது.

“சூசையாத்தான் இருக்கும்” என்றார் வாசுதேவன். “எடுத்துக் கதை. பாவம், பயந்துபோய் இருப்பான்.”

“பாவமோ?” என்றார் கலாதேவி. ஆனாலும் படியேறினார். கதவுகள் திறந்திருந்தபடியால், அவருடைய குரல் படிக்கட்டு வழியாகத் தெளிவாகக் கீழே வந்தது.

“ஓம், கலா அக்காதான். வந்தவை... இல்லை, உங்கட பேர் வரேல்லை. அழாதேங்கோ, சூசை. அழாதேங்கோ எண்டு சொல்லுறன்... அண்ணையோட கதைக்க ஏலாது. கீழ நிக்கிறார். இல்லை, மேல வர விடமாட்டினம்.”