மேஜையோடு சேர்த்துத் தைத்த போர்வை

பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பொங்கிப்போடும் மர்லூசியா எத்தனையோ தீனிப்பண்டாரங்களைப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் மூன்றாம் வகுப்பு ஜோசியாஸுக்கு ஈடாக ஒருத்தன் வந்ததில்லை. சோறும் கறுப்பு பீன்ஸும் வைத்துத் திரும்புவதற்குள் தட்டை வழித்துவிட்டு, "அத்தை, இன்னும்!" என்று நிற்பான்.

அப்பேர்ப்பட்டவன் லாரி மோதிக் கால் உடைந்து பெலோ ஒரிசோன்ட்டே நகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இருபது நாளாக ஒரு வாய் கஞ்சிக்கு மேல் இறங்குவதே இல்லையாம். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிச் சாப்பாடு கொண்டுபோகவும் அனுமதியில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து மர்லூசியாவுக்குத் தான் சமைத்ததே தொண்டையில் இறங்கவில்லை.

"சோறுதானே அனுப்பக் கூடாது? போர்வை அனுப்பலாம்ல?" என்று அவள்தான் ஆரம்பித்தாள். வகுப்புப் பிள்ளைகள் இருபத்துநான்கு பேரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு துண்டுத்துணி கொண்டுவந்தார்கள். டைனா அப்பாவின் பந்தாட்டச் சட்டையில் கையை வெட்டி வந்தாள். எட்மில்சன் ஜன்னல் திரையில் ஒரு மூலையைக் கத்தரித்து வந்து, வீட்டில் அதற்குத் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டான். ஊசியையே தொட்டறியாத கூட்டம். முதல் இரண்டு நாள் முழுக்க நூல் கோப்பதிலேயே போனது.

துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். அடியில் வெளுத்த மாவுச்சாக்கு, நடுவில் பழைய கம்பளி, மேலே ஒட்டுத்துணி என்று பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார்கள். மூன்றையும் பிடித்து ஓட்டுத்தையல் போட வேண்டும்.

"ஒரு கை அடியில இருக்கணும். ஊசி நுனி விரல்ல தட்டினதும் மேல திருப்பணும். புரியுதா, கழுதைங்களா?"

"குத்துமே அத்தை!"

"குத்தும்தான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வெள்ளிக்கிழமை கடைசித் தையலும் விழுந்தது. மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்திருந்த ஜோசியாஸின் அப்பா அடெமிர் பையோடு வாசலில் நின்றார். நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம். மர்லூசியா போர்வையை ஒரே தூக்காகத் தூக்கினாள்.

கூடவே மேஜை விரிப்பும் எழுந்து வந்தது. கத்தரிக்கோலும் ஊசி டப்பாவும் தரையில் உருண்டன.

அன்னாசிப்பழப் படம் போட்ட ரெக்சின் விரிப்பு அது; இந்த வருஷம்தான் வாங்கியது. குத்திவிடும் என்று பயந்து டைனாவும் எட்மில்சனும் அடியில் கையே கொடுக்கவில்லை. யார் தையல் நெருக்கம் என்று போட்டி வேறு. ஒரு முழ நீளத்துக்கு ரெக்சினையும் சேர்த்துப் பிடித்துத் தைத்திருந்தார்கள்.

"அட பாவிகளா! மேஜைக்கா போர்வை தைக்கச் சொன்னேன்?"

டைனா ஓவென்று அழுதாள். மர்லூசியா ஒரு தையலைப் பிரித்துப் பார்த்தாள்; நூலோடு ஒட்டுத்துணியும் கிழிந்தது. இதைப் பிரித்து முடிக்க இரண்டு நாள் ஆகும். அடெமிர் மறுபடி ஊருக்கு வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளை தாங்குமா?

அவள் சமையல் கத்தரிக்கோலை எடுத்து, தையலைச் சுற்றி விரிப்பை வெட்டினாள்.

"மர்லூசியா! புது விரிப்பு!" என்று தலைமையாசிரியை ஈவோன் அலறினார்.

"திட்டுறத திங்கக்கிழமை திட்டுங்க டீச்சர். தம்பி அடெமிர், ஓடு, பஸ் போயிரும்!"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு மனசே சரியில்லை. நோயாளிப் பிள்ளைக்கு இப்படியா ஒரு மூளிப் போர்வையை அனுப்புவது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சோறு போடும் நேரத்தில் அவள் போன் சிணுங்கியது. அடெமிரின் குரல் செய்தி. கரண்டியைக் கீழே வைக்காமலே அதைச் சத்தமாக ஓடவிட்டாள்.

"அக்கா, பய முதல்ல ஒவ்வொரு துணியா யாருதுன்னு கேட்டான். அப்புறம் புரட்டிப் பார்த்தான். 'அப்பா, இது எங்க சாப்பாட்டு மேஜை!'ன்னு ஒரே சிரிப்பு. அந்த ரெக்சின் பக்கத்தை மடியில விரிச்சு, தட்டை இங்க வைன்னுட்டான். பாதித் தட்டு சாப்பிட்டான்க்கா. நேத்து முழுத் தட்டு. இன்னிக்குக் காலையில இன்னும் வேணும்னு கேட்டுட்டான். குழாய் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல…" அதற்கு மேல் அழுகைச் சத்தம்தான்.

மர்லூசியாவும் அழுதாள். கடவுளே, உனக்குக் கோடி கும்பிடு என்று வாய்விட்டே சொன்னாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் தட்டுகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். டைனாவும் எட்மில்சனும் மட்டும் வெள்ளிக்கிழமையின் குற்றவாளிகளாக வரிசைக் கடைசியில் பதுங்கியிருந்தார்கள். அவள் வெளியே வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"உங்க கை நல்லா இருக்கணும்டா, கண்ணுங்களா. நன்றி எனக்கில்ல, உங்களுக்குத்தான். பேசுங்க, பதிவாகி அங்க போயிரும்" என்று பொத்தானை அமுக்கிப் போனை நீட்டினாள்.

டைனாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. எட்மில்சன் போனைப் பிடுங்கி, பள்ளிக்கூடமே கேட்கும்படி கத்தினான்:

"டேய் ஜோசியாஸ்! அந்த இடத்தத் தப்பா தெச்சது நாங்கதான்டா!"