சாஃப்ட்டில் பூசிய நகப்பூச்சு

வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அண்ணன் ஓட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"டம்முன்னு ஒரு சத்தம். நான் ஒண்ணுமே பண்ணல," என்றான்.

ஒன்றுமே பண்ணாதவனின் பின்டயர்களில் ரப்பர் கருகிய நாற்றம் அடித்தது. சிநேகிதர்களுக்கு வேடிக்கை காட்ட, என்ஜினை அலறவிட்டுக் கிளட்சைச் சடாரென்று விட்டிருக்கிறான். அவன் தங்கையைவிட வயதில் மூத்த ஸ்போர்ட்ஸ் கார் அது. என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான சாஃப்ட்டின் முனையில், அதை அச்சோடு இணைக்கும் கிராஸ் ஜாயின்ட் இரண்டாகப் பிளந்து தொங்கியது.

வண்டி அந்தத் தங்கையுடையது. துருப்பிடித்துக் கிடந்ததைத் தன் சம்பளத்தில் வாங்கி, விடுமுறை நாளெல்லாம் அதன் அடியில் மல்லாந்து கிடந்து ஓடவைத்தாள். பேப்பர் மட்டும் அப்பா பேரில். "பொம்பளப் புள்ள பேர்ல எதுக்கும்மா, நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும்," என்று அவர்தான் அப்படிச் செய்தார். அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டம் அவளுடையது. அதைக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியவரும் அவர்தான். அதில் எழுதியிருந்த 'இயந்திரப் பொறியியல்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நம்பவில்லை.

"பழைய வண்டி உடைக்கிறவர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு," என்றார்.

"அதுக்குள்ள ஓட வச்சுட்டா?"

"பாக்கலாம்."

அப்பாவின் அகராதியில் 'பாக்கலாம்' என்றால் 'மாட்டேன்'.

சாஃப்ட்டைக் கழற்ற அடியில் நுழைந்தாள். அது இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்வரிசையாக நுழையும். எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்தது, பின்பக்கம் எந்தத் துளைக்கு எந்தத் துளை என்று பிரிப்பதற்கு முன்பே அடையாளம் வைத்துவிட வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி நடுங்கும். பட்டறையில் உளியால் வெட்டுவார்கள். அவள் தன் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டாள். கிரீஸ் பட்டாலும் அழியாது.

ஞாயிறு மதியம் புதுக் கிராஸ் வாங்கிக்கொண்டு வந்தபோது ஷெட்டுத் தரையில் சாஃப்ட் பளபளவென்று கிடந்தது. பக்கத்தில் அம்மா, கையில் கந்தல் துணியோடு.

"எவ்ளோ அழுக்கு தெரியுமா? மண்ணெண்ண ஊத்தித் தேச்சேன். உன் நெயில் பாலிஷ் வேற அங்கங்க கொட்டிக் கெடந்துச்சு. அது மட்டும் போவேனாங்குது. அப்புறம் உன் மேசையில அந்த ரிமூவர் இருந்துச்சே, அதப் பஞ்சுல நனைச்சு…"

"அம்மா. அது கொட்டினது இல்ல. வச்சது."

"இரும்புக்கு யாராவது நெயில் பாலிஷ் வைப்பாங்களாடி?"

அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. "அவன் ஒடச்சான். நீ தொடச்ச. அவரு விக்கிறாரு. இந்த வீட்டுல என் பொருள்ல கை வைக்காத ஆளு யாரு? ஒத்தாசைங்கிற பேர்ல ஆளாளுக்குக் கழுத்த அறுங்க."

அம்மா கந்தலை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

சாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதுவரை படிப்பு சொன்னது. அப்படி நிறுத்த இரண்டு வழி. பின்பக்கம் நான்கு போல்ட், நான்கு வழி. ஆக எட்டு. அதில் பழைய இடம் எது என்று சொல்ல வேண்டிய கோடுகள் பஞ்சில் ஒட்டிக் குப்பைக்கூடையில் கிடந்தன.

மாட்டினாள். பின் அச்சை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். யாராவது உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் அவள் வெளியே நின்று கவனிக்க முடியும். அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நீ திட்டுவ. ஆள விடு நட்டு," என்று அவளுக்குத் தான் வைத்த பட்டப்பேரைச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"நான் வேணா உக்காரட்டுமா?" என்றாள் அம்மா.

பிறந்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடாதவள். வேறு நாதியில்லை. எந்தக் காலால் எதை மிதிப்பது என்று அம்மாவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். முதல் தடவை கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது. கழற்றி மாற்றினாள். இரண்டாவது தடவை அதைவிட மோசம். மூன்றாவதும் உருப்படவில்லை. முழங்கை சிராய்ந்து, கண்ணில் துரு விழுந்து, பசியும் சேர்ந்துகொண்டது. மண்ணெண்ணெய் கண்டுபிடித்தவனிலிருந்து தொடங்கி எல்லாரையும் திட்டினாள்.

நான்காவது தடவை என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பாவும் அண்ணனும் உடைக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வேகமுள் அறுபதில் நின்றது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அம்மா நேர் எதிர்ச்சுவரை முறைத்துக்கொண்டிருந்தாள், சுவர் குறுக்கே வந்துவிடும் என்பதுபோல.

"என்ன கூத்து இது? எறங்கு," என்றார் அப்பா.

"அவ சொன்னாத்தான் எறங்குவேன்."

உடைக்கிறவர் குனிந்து சுழலும் சக்கரத்தைப் பார்த்தார். "செத்த வண்டின்னீங்க. இது உசுரோட இருக்கே."

"பிரிச்சு வித்தாலும் போகும்ல?" என்றான் அண்ணன்.

"போகும் தம்பி. அந்தம்மாவையும் சேத்துல்ல தூக்கணும்?"

அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ஏண்டி, சீட்டுக்கு அடியில இன்னும் லேசா துருதுருங்குது. முன்ன மாதிரி இல்ல. ஆனா இருக்கு."

அவள் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இருந்தது. "நிறுத்தும்மா. இன்னொரு தொளை தள்ளிப் போடணும்."

அம்மா சாவியைத் திருப்பி, உருவி, உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்த உடைக்கிறவர், "வீட்டுக்குள்ள பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க," என்று வாசலுக்குப் போய், அப்படியே தெருவிலும் இறங்கிவிட்டார்.

"பேப்பர் எம் பேர்ல இருக்கு, தெரியும்ல?" அப்பாவின் குரல் உயர்ந்தது.

"அப்ப பேப்பர ஓட்டிக்கிட்டுப் போங்க. சாவி எங்கிட்ட இருக்கு."

அண்ணன் சிரித்துத் தொலைத்தான். அப்பா அவனை முறைத்தார். ஆனால் அங்கிருந்து போகவில்லை.

அவள் மறுபடி அடியில் நுழைந்தாள். முதல் போல்ட் சூடாக இருந்தது. இரண்டாவதில் ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டித் தோல் உரிந்தது. வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

"என்னடி?" மேலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல."

"நான் எறங்கட்டுமா?"

"எறங்காத."