பஸ் லேன் திறந்த அன்று

மாத்தளை டவுனுக்குப் பஸ் லேன் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கேட்டவர்களில் ரமேஸும் ஒருவன். இரத்தோட்டைப் பக்கம் பஸ் ஓட்டுகிறவனுக்கு டவுன் நெரிசல் பிராணனை வாங்கியது. முன்னால் லொறி, பக்கத்தில் ஆட்டோ, பின்னால் ஹோர்ன் அடித்தே காதைக் கிழிக்கிற இன்னொரு பஸ். ஆகவே, இரண்டு பக்கமும் இரும்பு வேலி போட்டு பஸ்ஸுக்கென்றே ஒதுக்கிய அந்தத் தடம் திறந்த அன்று, அவன் மாப்பிள்ளை மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

பஸ் முதலாளி மட்டும் பச்சையாகச் சொல்லியிருந்தார்: ஹோல்ட் என்று தரிப்பிடம் போடாத இடத்தில் நிறுத்தினால் கமராவில் விழும், பர்மிட்டும் போகும், உன் வேலையும் போகும்.

மலைக்குப் போகிற பஸ் ஆட்களை மட்டும் ஏற்றிப் போவதில்லை. டவுனில் ஒருவர் பார்சலை நீட்டுவார், மேலே இன்னொருவர் வந்து வாங்கிக்கொள்வார். தோட்டத்துப் பாப்பம்மாவின் மகள் தினுஷாவுக்கு வலிப்பு மாத்திரையும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பாப்பம்மா டவுன் பார்மசிக்கு போனில் ஒரு கோல் எடுத்தால் போதும். கடைக்காரர் ஜுனைதீன் வாசலில் நிற்பார், ரமேஸ் வேகத்தைக் குறைப்பான், முன்கதவால் பார்சல் உள்ளே வந்துவிடும்.

அன்று காலையும் பாப்பம்மா, தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பிரிகிற முடக்கில் பஸ்ஸை மறித்துச் சொன்னாள்.

"மாத்திர காலையோட முடிஞ்சிருச்சு தம்பி. ராத்திரிக்கு இல்ல, போடாட்டி தூக்கத்துல வலிப்பு வந்துரும். மறந்துறாதீங்க."

"நான் மறப்பேனாக்கா?"

அவன் மறக்கவில்லைதான். வேலியை நினைக்காமல் விட்டான். ஹோல்டுக்கு வந்து நில்லுங்கள் நானா என்று ஜுனைதீனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க, புது ரோட்டின் சந்தோஷத்தில் அவனுக்குத் தோன்றவேயில்லை.

மாலை, கடைசி டிரிப். வேலிக்கு அப்பால் வாகனங்கள் நகராமல் கிடக்க, ரமேஸின் பஸ் வழுக்கிக்கொண்டு போனது. இதற்குத்தானே இத்தனை காலம் கத்தினேன் என்று மனசுக்குள் சிரித்தான். அப்போதுதான் பார்மசி வாசலில் ஜுனைதீனைக் கண்டான். அவர் வழக்கம்போல் பார்சலை உயர்த்திக் காட்டினார்.

ரமேஸின் கால் பிரேக்குக்குப் போனது. தலைக்கு மேலே கமரா. காலை எடுத்துவிட்டான்.

பஸ் நிற்காமல் போகும் என்று ஜுனைதீன் கனவிலும் நினைத்தவரில்லை. ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வேலியோடு ஓடிவந்தார். "ரமேஸ், ரமேஸ்" என்ற குரல் ஜன்னலால் தெளிவாகக் கேட்டது. அடுத்த ஹோல்டில் நிறுத்தியபோதும் கண்ணாடியில் அவர் தெரிந்தார், வயதான மனுஷன், மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் கிளம்பச் சொல்லி டபுள் பெல் கொடுத்தான். கொஞ்சம் பொறுத்திருந்தால் குடியா முழுகியிருக்கும்? பொறுக்கவில்லை, போய்விட்டான்.

மலை ஏறும் வழியெல்லாம் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். இனித் திரும்பிப் போக பஸ்ஸுமில்லை, அவர் கடையும் பூட்டியிருக்கும்.

லயத்து முடக்கில் பாப்பம்மாவும் தினுஷாவும் நின்றிருந்தார்கள்.

"இன்னிக்கு வெள்ளன வந்துட்டீங்களே மாமா" என்று தினுஷா சிரித்தாள்.

"கடை பூட்டியிருந்துச்சுக்கா" என்றான் ரமேஸ், பாப்பம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

பாப்பம்மா நீட்டிய கையை மெல்ல இறக்கினாள். "இப்பதான் ஜுனைதீன் நானா கோல் எடுத்தாரு தம்பி. வேலி ஓரமா ஓடி வந்தாராம். ஒங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாராம்." பிறகு அவளே அவனுக்காகச் சொன்னாள். "அந்தச் சத்தத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம். ரமேஸால் முடியவில்லை.

"கேட்டுச்சுக்கா" என்றான்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். பாப்பம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்குக் கட்டில்ல படுக்காத கண்ணு" என்று அவளிடம் சொல்வது கேட்டது. "கீழ, எம் பக்கத்துல படு."