ஜெயக்கொடி பார்த்த மயில் உள்ளான்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. அதனால் வேறு யாராவது எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

‘அடையாற்றின் மேல் பனி மெல்ல விலக...’

செப்டம்பரில் தாம்பரத்துப் பக்கம் என்ன பனி? அந்த வரியை அடித்துவிட்டேன். (அடித்தது உங்களுக்கும் தெரியட்டும்.)

2

1991 செப்டம்பர். ஞாயிற்றுக்கிழமை காலை. திருநீர்மலைப் பக்கம் ஆற்றங்கரையில் பறவை பார்க்கப் போனவர்கள் மூன்று பேர். தலைவர் பக்தவச்சலம், தபால் ஆபீஸ்காரர். இரண்டு பேர் பார்த்த பறவைதான் அவர் நோட்டில் ஏறும். பூச்சி பார்ப்பவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. அடுத்தவள் ஜெயக்கொடி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. பைனாகுலர் கிடையாது, கண் உண்டு. மூன்றாவது ஆள் நான்.

பக்தவச்சலம் முன்னால் போய்விட்டார். ஜெயக்கொடி சட்டென்று நின்றாள்.

“சார், அந்தக் கோரையாண்ட பாருங்க. மயில் உள்ளான். பொட்டை. கண்ணைச் சுத்தி வெள்ளையா கீது.”

[இங்கே அந்த நீர்ப்பறவையை வர்ணிக்க வேண்டும். முடியாது. நான் அப்போது ஒரு சிவப்புத் தட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக் கம்பி நுனியில், வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, என்ன அழகாக நின்றது தெரியுமா.]

பக்தவச்சலம் திரும்பி வந்து, “நீங்க பாத்தீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

கவனிக்கவில்லை என்றால், பிறகு எதைக் கவனித்தாய் என்பார். தட்டான் என்று சொல்ல வேண்டிவரும். மானம் போகும்.

“அங்க ஒண்ணும் இல்லையே சார்” என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.

“இல்லாததைச் சொல்ல எனக்கு இன்னா சார் வேண்டுதலா?” என்றாள் ஜெயக்கொடி. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவள் வரவில்லை.

3

கதைதானே, சரிசெய்துவிடலாம் என்று ஆறு வருஷம் கழித்து எனக்குத் தோன்றியது. ‘நானும் பார்த்தேன் சார்’ என்று மாற்றி எழுதி, கூடுவாஞ்சேரியில் அவள் வீட்டுக்கே போய்க் காட்டினேன். அந்த வரி வந்ததும் நிறுத்தினாள்.

“நீங்க பாக்கவே இல்ல சார். இப்போ இன்னாத்துக்கு இப்படி எழுதிகினு கீறீங்க? அவராண்ட போயி, ‘நான் வேற பக்கம் பாத்துகினு இருந்தேன்’னு சொல்லுங்க.”

“அப்பவும் நோட்ல ஏறாதே.”

“ஏறலன்னா போவுது. நான் புளுகலன்னு அவருக்குத் தெரியணும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. என் மானத்துக்காக ஆறு வருஷம் அவள் புளுகியாக இருந்திருக்கிறாள்.

4

முடிவு ஒன்று: நான் போய்ச் சொல்கிறேன், பக்தவச்சலம் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு இரண்டு: அவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்து, நான் சொல்வதற்குள்... வேண்டாம், ஜெயக்கொடி பாவம்.

மூன்றாவதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிற்பார். கழுத்தில் பைனாகுலர் தொங்கும், ஆள் மாறாது. இந்தத் தாள்களை அவரிடம் கொடுங்கள். எழுதினவன் எங்கே என்று கேட்பார். வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பேன்.