மாக்கல் மேடையில் ஒரு கீறல்

அம்மா ஆசைப்பட்டுப் போட்ட சாம்பல் நிற மாக்கல் சமையல் மேடைக்கு வயது மூன்று நாள். அதற்குள் அப்பா இரும்புச் சட்டியை இழுத்து, அதில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டார். சித்தி வீட்டுக்குப் போயிருந்த அம்மா சாயங்காலம் வந்துவிடுவாள்.

"சத்தம் போடாதடா, உப்புத்தாள் எடு," என்றார் அப்பா. வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

தேய்த்தோம். கோடு போய்விட்டது, ஆனால் தேய்த்த இடம் வெளுத்துத் தெரிந்தது. எண்ணெய் தடவினோம். அந்த இடம் மட்டும் கன்னங்கரேலென்று ஆனது. வித்தியாசம் தெரியாமல் இருக்கப் பக்கத்திலும் தடவினோம். பிறகு அதற்குப் பக்கத்திலும். நாலு மணிக்குள் மேடை முழுவதும் கறுத்துவிட்டது.

உள்ளே வந்த அம்மா அசையாமல் நின்றாள். "யாரு பார்த்த வேலை இது?"

அப்பா என்னைக் காட்டினார். நான் அப்பாவைக் காட்டினேன்.

அம்மா மேடையைத் தடவிப் பார்த்தாள். "ஜோரா இருக்கே! மாசாமாசம் எண்ணெய் தேய்க்கணும்னு கல்லுக்காரர் சொன்னாரு. யாரு தேய்ப்பாங்கன்னு மண்டையை உடைச்சிட்டு இருந்தேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். "இந்தா பாரு, கீறினது நான்தான். தேய்ச்சதெல்லாம் இவன்தான்."